எத்தனை மணிக்கு பஸ்?

1

ஆபீஸ் வேலை ஒன்றுக்காக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலை டவுன்லோட் செய்திருந்தேன். திருவள்ளூர் மாவட்டத்துக்கான எக்செல் ஃபைல். ஒரு வரிக்கு ஒரு கிராமம். காலம்கள் மட்டும் வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். மக்கள்தொகை, ஆண், பெண், பட்டியல் சாதியினர், பள்ளிக்கூடம், தபால் நிலையம் என்று தள்ளிக்கொண்டே போனால் போக்குவரத்து வரும். அரசு பஸ், தனியார் பஸ், ரயில் நிலையம், ஆட்டோ, டாக்ஸி, வேன், டிராக்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி காலம். மாட்டுவண்டிக்கும் ஒன்று உண்டு.

வசதி இருந்தால் 1, இல்லாவிட்டால் 2. எங்கள் தொழிலில் 'இல்லை' என்பதற்குப் பூஜ்யம் போட்டுத்தான் பழக்கம், அதனால் முதலில் கொஞ்சம் குழம்பினேன். 2 என்றால் பக்கத்திலேயே இன்னொரு குறியீடு இருக்கும். அந்த வசதி 5 கிலோமீட்டருக்குள் கிடைத்தால் 'ஏ', 5 முதல் 10-க்குள் என்றால் 'பி', அதற்கும் மேல் என்றால் 'சி'.

வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊரைத் தேடினேன். சொந்த ஊர் அகப்படும் எந்தப் பட்டியலிலும் யாரும் செய்கிற முதல் காரியம் அதுதானே. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. மக்கள்தொகை நான்கு இலக்கம். ரயில் நிலையம்: 2, பி. அரசு பஸ்: 1.

அந்த 1-ஐப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அத்தையிடம் காட்டினேன். "பாரு அத்த, நம்ம ஊருக்கு பஸ் இருக்குன்னு கவர்மென்ட்டே எழுதி வெச்சிருக்கு."

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தார். "இருக்குன்றது சரி. எத்தன மணிக்கு வரும்னு போட்ருக்கானா?"

போடவில்லை. அதற்கு ஒரு காலம் இல்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்து வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். கீழே இருப்பது அந்தக் கதை.

2

நடந்தே போன காலத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பெரியபுராணத்தில் சுந்தரர் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்புகிறார். எல்லை தாண்டியதும் கண்பார்வை போய்விடுகிறது. அப்படியே நடந்து திருமுல்லைவாயிலுக்கு வருகிறார். அங்கிருந்து திருவெண்பாக்கம். அங்கே அவருக்கு ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. அதை ஊன்றிக்கொண்டு திருவாலங்காடு வழியாகக் காஞ்சிபுரம் போய்ச் சேர்கிறார். ஒரு கண் அங்கே திரும்புகிறது.

பக்திக் கதையாகவே கேட்டு வளர்ந்த எனக்கு, மேப்பில் புள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. இது ஒரு ரூட். கடற்கரையிலிருந்து மேற்கே உள்நாட்டுக்குப் போகிற பாதை. இன்றைக்கு அண்ணனூருக்கு முந்தின ஸ்டேஷன் திருமுல்லைவாயில். திருவெண்பாக்கம் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. 1940களில் சென்னையின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது ஊர் மூழ்கியது, கோயிலை மட்டும் பெயர்த்து வேறிடத்தில் கட்டினார்கள்.

தெற்குப் பக்கம் பூந்தமல்லிக்கு இன்னொரு நடை உண்டு. ராமானுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் பூந்தமல்லியில் பிறந்தவர். அங்கே பூ வளர்த்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பூந்தமல்லியிலிருந்து காஞ்சிக்கு இன்றைய ரோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பூ வாடுவதற்குள் போக வேண்டும். கதை சொன்னவர்களுக்கும் நேரம்தான் பிரச்சனையாக இருந்திருக்கிறது.

ஆக எங்கள் பகுதிக்கு ரயில் வருவதற்கு முன்பே வடக்கில் ஒரு பாதையும் தெற்கில் ஒரு பாதையும் இருந்தன. நடுவில் ஏரிகள், கூவம், எங்களைப் போன்ற ஊர்கள். இந்த அமைப்பு இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

3

இந்தியாவின் முதல் ரயில் பாதை எங்கள் பக்கத்தில்தான் ஓடியது என்று சொன்னால் நண்பர்கள் நம்புவதில்லை. பம்பாய்–தானே ரயில் 1853. அதற்குப் பதினாறு வருடம் முன்பே, 1837-இல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு ரயில் பாதை போட்டார்கள். கோதாவரி அணைக்கட்டால் பெயர் பெற்ற ஆர்தர் காட்டனின் பெயர் இதோடும் சேர்ந்து வரும். அந்த ரயில் ஏற்றிக்கொண்டு போனது செம்பாறைக் கல். மதராஸ் பட்டணத்துக்கு ரோடு போட கல் வேண்டியிருந்தது, செங்குன்றத்தில் கல் இருந்தது. அந்தப் பாதை ஒரு பத்து வருடம்கூட நிலைக்கவில்லை.

பயணிகளுக்கான ரயில் 1856-இல் வந்தது. ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை அது. பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று, சுந்தரர் போன திக்கிலேயே போனது.

பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து, ரயில் வந்தால் ஊர் வளரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தண்டவாளம் போட்டு அடுத்த தொண்ணூறு வருடங்களுக்கு அம்பத்தூரும் ஆவடியும் கிராமங்களாகவேதான் இருந்தன. ஏரி, நெல், ஆடுமாடு. ரயில் யாருக்காகப் போடப்பட்டதோ அவர்கள் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். மேற்கே படையும் சரக்கும் போக வேண்டும், கிழக்கே துறைமுகத்துக்கு விளைச்சல் வர வேண்டும். நடுவில் இருந்த ஊர்க்காரர்கள் வண்டி போவதைப் பார்த்தார்கள். என் ஆயா சின்ன வயதில் ஆவடிக்கு ரயில் பார்க்கப் போன கதையைச் சொல்லியிருக்கிறார். ஏறவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்களாம். "ஏறி எங்க போறது?" என்பார். நியாயமான கேள்வி. அந்தப் பக்கம் அவர்களுக்கு வேலையும் இல்லை, சொந்தமும் இல்லை.

இடையில் ஒரு சின்ன விஷயம். ஆவடி என்ற பெயரே ராணுவ டாங்கித் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்று வாட்ஸப்பில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சுற்றும். கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது 1961-இல். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை காங்கிரஸ் நிறைவேற்றிய மாநாடு ஆவடியில் நடந்தது 1955 ஜனவரியில், யு.என். தேபர் தலைமையில். அதை அப்போதே ஆவடி தீர்மானம் என்றுதான் சொன்னார்கள். தொழிற்சாலை பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பே அதன் சுருக்கப் பெயர் எப்படி வந்திருக்கும்? இனி அந்த ஃபார்வர்டு வந்தால் இந்த இரண்டு வருடங்களை மட்டும் பதிலாக அனுப்பிவிடுங்கள்.

4

ஊரை வளர்த்தது சங்கு. ஷிஃப்ட் சங்கு.

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஆலை வைத்தது. டன்லப் டயர் ஆலை வந்தது. பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று ரயில்பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். ஆவடியில் 1961-இல் டாங்கித் தொழிற்சாலை, 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா. 1960களின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆயிரம் ஏக்கருக்கும் மேல். எஸ்டேட் என்றால் மற்ற ஊர்களில் தேயிலைத் தோட்டம். எங்கள் பக்கத்தில் எஸ்டேட் என்றால் லேத் பட்டறை.

இதற்குப் பிறகுதான் ரயிலில் ஏறுவதற்குக் காரணம் கிடைத்தது. 1979-இல் சென்ட்ரல்–திருவள்ளூர் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக டிபன் பாக்ஸோடு ஆட்கள் இறங்கினார்கள். 2011-இல் அம்பத்தூரின் மக்கள்தொகை சுமார் 4.66 லட்சம், ஆவடி சுமார் 3.46 லட்சம். ரயில் பார்க்காத பூந்தமல்லி, அதே கணக்கெடுப்பில், சுமார் 57 ஆயிரம். பட்டணத்திலிருந்து பெயர் சொல்லி ஒரு நெடுஞ்சாலையே வருகிற ஊர் பூந்தமல்லி, வெள்ளைக்காரன் காலத்தில் படை முகாம் இருந்த இடம். ரோடும் இருந்தது, பஸ்ஸும் இருந்தது. ஆனாலும் தண்டவாளமும் ஆலையும் ஒரே இடத்தில் சேர்ந்த வடக்குப் பக்கம்தான் வீங்கியது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரைப் பட்டணத்தோடு கட்டிப்போட்டது ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சைக்கிள். தாத்தா அம்பத்தூரில் கேஷுவல் லேபராக இருந்தார். விடிகாலை நாலரைக்கு எழுந்து, டைனமோ விளக்கைப் போட்டுக்கொண்டு, கூவத்துத் தரைப்பாலத்தைத் தாண்டி மிதித்துக்கொண்டே போவார். மழைக்காலத்தில் பாலம் மூழ்கினால் அன்றைக்கு வேலை கிடையாது, கேஷுவலுக்குச் சம்பளமும் கிடையாது. கணக்கெடுப்புப் பட்டியலில் சைக்கிள் ரிக்ஷாவுக்கு ஒரு காலம் இருக்கிறது. தாத்தா மிதித்த சைக்கிள் போக்குவரத்து வசதிகளின் வரிசையில் இல்லை. அது வேறொரு அட்டவணையில், வீட்டுச் சொத்துகளின் கூட்டத்தில், டிவியோடும் ரேடியோவோடும் இருக்கிறது.

5

இனி அத்தை.

1981-இல் அத்தை எட்டாவது முடித்தார். ஊரில் அதுவரைதான் பள்ளிக்கூடம். ஒன்பதாவதுக்கு ஆவடி போக வேண்டும். டவுன் பஸ் காலையில் ஒரு நடை ஊருக்குள் வரும். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு நடை என்று போர்டில் எழுதியிருக்கும். அது ஏழு மணிக்கும் வரும், வராமலும் போகும். வராத நாளில் மெயின் ரோட்டில் இறங்கி, பனைமரங்களுக்கு நடுவில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஜூனில் சேர்ந்தார். கார்த்திகையில் இருட்டு சீக்கிரம் கட்ட ஆரம்பித்தது. ஒருநாள் ஏழரைக்கு வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் தாத்தா பையை எடுத்து பரண்மேல் போட்டுவிட்டார்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். காலேஜில் ஒரு கட்டுரைப் போட்டியில்கூட எழுதினேன். பஸ் வராததால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றது. கச்சிதமான கதை. எக்செல் ஃபைலைக் காட்டிய அன்றைக்கு அத்தையிடமே அதைத் திருப்பிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பஸ்ஸு மேல பழிய போட்டுட்டாருடா உங்க தாத்தா. காலனிலேர்ந்து ஒருத்தி என்கூட வருவா. எனக்கு ஒன்றர கிலோமீட்டர்னா அவளுக்கு ரெண்டர. ஏரிக்கரை மேல நடந்து போவணும். அவ எஸ்எஸ்எல்சி முடிச்சா. அப்புறம் நர்ஸுக்குப் படிச்சா. அவளுக்கும் அதே பஸ்ஸுதான்."

நாற்பது வருடமாக எங்கள் குடும்பம் சொல்லி வந்த கதையில் இப்படி ஒரு ஆள் இருந்ததே எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அத்தை சொன்னதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, பட்டியலில் 'கிராமம்' என்று ஒரே வரியாக இருப்பது தரையில் ஒன்றாக இல்லை. கணக்கெடுப்பின் அலகு வருவாய் கிராமம். ஊர், காலனி, அங்கங்கே இருக்கும் குடிசைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். பஸ் கோயில் எதிரே ஆலமரத்தடியில் திரும்பிவிடும். அங்கிருந்து காலனி ஒரு கிலோமீட்டர். பட்டியலில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே '1'. பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்பது அதே வரியில் இருக்கிறது, பஸ் உண்டா என்பதும் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஏரிக்கரை மட்டும் எதிலும் இல்லை.

இந்த இடைவெளி மற்றவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் கிராமத்தை விட்டுவிட்டுக் குடியிருப்பை அலகாக எடுத்துக்கொண்டது. சமவெளியில் 500 பேருக்கு மேல் இருக்கும் குடியிருப்பு, எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் சாலையிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் இருந்தால் அதற்கு ரோடு. நல்ல முன்னேற்றம்தான். புரோகிராமர் கண்ணுக்கு இது ஒரு 'இஃப்' கண்டிஷன்: தலை எண்ணிக்கை 499 என்றால் உள்ளே போகாது. உலக வங்கியின் கிராமப்புற அணுகல் குறியீடும் இதே மாதிரிதான். இரண்டு கிலோமீட்டருக்குள் நல்ல சாலை உள்ள கிராமத்து மக்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்கும். இன்று ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் அதுவும் ஓர் அளவுகோல். எல்லோரும் தூரத்தைத்தான் அளக்கிறார்கள். தூரத்தை அளப்பது சுலபம், ஒருமுறை அளந்தால் போதும். காத்திருக்கும் நேரத்தை தினமும் அளக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது. அத்தையின் படிப்பை நிறுத்தியது தாமதமாக வந்த பஸ் மட்டும் இல்லை. இருட்டில் பெண்பிள்ளை நடந்து வந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். காலனியில் அந்தப் பயம் இருந்ததா, இருந்தும் அனுப்பினார்களா என்று தெரிந்துகொள்ள அந்த அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். பஸ் சரியாக ஐந்தரைக்கு வந்திருந்தால் தாத்தாவுக்கு ஒரு காரணம் குறைந்திருக்கும். அவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் அந்த ஒரு காரணம் குறைவது சின்ன விஷயம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கில் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். ஊர் பேசியது, பிறகு ஓய்ந்தது. பின்னாளில் அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது, அதைப் பெண்பிள்ளை ஓட்டுவதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தைக்குத்தான் பத்துப் பதினைந்து வருடம் முந்திவிட்டது.

6

பூந்தமல்லிக்குத் தெற்கே கதை 1990களின் இறுதியில் மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், பின்னாலேயே ஸ்ரீபெரும்புதூர் முழுக்க எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள். அத்தை மகள் பிளஸ் டூ முடித்து அப்படி ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். விடிகாலை நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ் எங்கள் ஆலமரத்தடிக்கு வரும். அங்கே நிற்காமல் ஏரிக்கரை சுற்றி காலனிக்குள்ளும் போகும். ஒரு நிமிடம் தாமதமாகாது. எத்தனையோ வருடமாக மனு கொடுத்தும் வராத நேரம், ஷிஃப்ட்டுக்கு ஆள் வேண்டும் என்றதும் வந்துவிட்டது. அந்த பஸ்ஸில் அடையாள அட்டை இல்லாதவர் ஏற முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கிழவி ஓரமாக நின்று அது போவதைப் பார்ப்பார். ரயில் பார்த்துவிட்டுத் திரும்பிய ஆயாவின் ஞாபகம் எனக்கு வரும்.

இன்னும் கொஞ்சம் மேற்கே குத்தம்பாக்கம். கெமிக்கல் இன்ஜினியரான இளங்கோ ரங்கசாமி 1996-இல் அங்கே பஞ்சாயத்துத் தலைவரானார். நல்ல வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளை அங்கே கட்டினார்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ரோடு போடுவது ஒரு வழி என்றால், நடுவில் இடைவெளியே இல்லாமல் செய்வது இன்னொரு வழி. சின்னப் பிள்ளையாக அதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது எங்கள் ஏரிக்கரையில் நிற்கும்போது தோன்றுகிறது.

அதே குத்தம்பாக்கத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி சுமார் 25 ஏக்கரில் சென்னையின் மேற்குப் பக்கத்துக்கான பெரிய பஸ் நிலையம் எழும்பியிருக்கிறது. பூந்தமல்லிக்கு மெட்ரோ. 2025 மார்ச்சில் ஓட்டுநர் இல்லாத ரயிலை அங்கே சோதனைக்கு ஓட்டினார்கள். 1856-இல் தண்டவாளம் கிடைக்காத பூந்தமல்லிக்கு 169 வருடம் கழித்து அது கிடைத்திருக்கிறது, அதுவும் தலைக்கு மேலே. இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பெங்களூருக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். குத்தம்பாக்கத்தின் உட்புறத் தெருக்களுக்கு எத்தனை மணிக்கு என்பது அங்கே இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றும் நடக்கிறது. 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் உழைப்பாளிகளில் முக்கால்வாசிப் பேர் விவசாயத்துக்கு வெளியே. இந்த மூன்றும் சேர்ந்தால் கணக்கெடுப்பில் கிராமம் நகரமாகிவிடும், கிராமப் பட்டியலை விட்டு வெளியேறிவிடும். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியானது. எங்கள் ஊருக்கும் அந்த நாள் தூரத்தில் இல்லை. அப்போது பஸ் உண்டா இல்லையா என்ற அந்த வரியே இருக்காது. நகரத்தில் பஸ் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

7

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். இந்தத் தடவை சாதியும் கணக்கில் வருகிறது. யாராவது ஒருவர் டேப்லெட்டோடு எங்கள் ஊருக்கும் வருவார். பஸ் உண்டா என்றால் உண்டு என்போம். 1 விழும்.

அத்தைக்கு இப்போது ஐம்பத்தேழு. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்த நாளிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிறார். இரண்டு பஸ் மாற வேண்டும். "டிக்கெட்டுக்குக் காசு வேணாம்ன்றான், வண்டிய வுடு மொதல்ல" என்று ஒரு பக்கம் திட்டிக்கொண்டே. போக வேண்டாம் என்று அவரிடம் சொல்ல இப்போது யாரும் இல்லை. அவர் போனில் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவரோடு நானும் போனேன். திரும்பும்போது மணி ஐந்தரை இருக்கும். ஸ்டாப்பில் யூனிஃபார்ம் போட்ட பெண்பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அத்தை நேரே அவர்களிடம் போனார்.

"எங்க ஊரு வண்டி போயிடுச்சாம்மா?"

"இல்ல ஆயா, இன்னும் வரல. நாங்களும் அதுக்குத்தான் நிக்கறோம்."

"டெய்லி எத்தன மணிக்கு வருது?"

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். "அது சொல்ல முடியாது ஆயா."

அத்தை அவர்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எந்த வகுப்பு, எந்தத் தெரு என்று விசாரித்தார். ஒரு பெண் காலனி என்றாள். அங்கே ஒரு நர்ஸம்மாவைத் தெரியுமா என்று அத்தை கேட்டார். தெரியும், எங்க பெரியம்மாதான் என்றாள் அவள். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் பையிலிருந்து கோயில் குங்குமப் பொட்டலத்தை எடுத்து, "பெரியம்மாகிட்ட குடு. எட்டாங்கிளாஸ்ல கூடப் படிச்சவ குடுத்தான்னு சொல்லு" என்றார்.

பஸ் ஆறு இருபதுக்கு வந்தது. எழுதி வைத்துக்கொண்டேன்.